மூன்றாம் செலக்‌ஷனுக்கு நன்றி

ஆம்பூர்,
18-11-2006

'விசைப்பலகை' மாத இதழின் மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆம்பூர் இன்பசேகரன், எம்.ஏ., எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாகவும், தங்கள் கம்ப்யூட்டர்கள் வைரஸ் எதுவும் அண்டாமலும் இருக்க வேண்டுகிறேன். இங்கே நான் நலம். என் மனைவி ஜெயபுஷ்பம் நலம். ஒன்பது வருடத்துக்குப் பிறகு என் தம்பி ஜோனதனும் நலம். இடையிலும் அவன் நலமாகத்தான் இருந்திருக்கிறான். நாங்கள் பேசிக்கொள்ளாததால் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பேச்சில்லாமையை முடித்துவைத்தது தங்கள் நவம்பர் இதழின் இருபத்தேழாம் பக்கம். அதற்கு நன்றி சொல்லவே இக்கடிதம். பத்திரிகைகளுக்கு நான் இதுவரை எழுதிய நாற்பத்தோரு கடிதங்களில் நன்றிக் கடிதம் இது ஒன்றுதான் என்பதையும் தாங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பகை வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1997 மே மாதம் ஜோனதனுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் அச்சடிக்கும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான். தன் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போட்டான். பெண்ணின் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. நர்சிங். பெண்ணின் சித்தப்பா பி.யு.சி.யோடு நின்றவர், அதையும் போட்டிருந்தான். அழைக்கும் அண்ணன் பெயர் மட்டும் மொட்டையாக 'இன்பசேகரன்'. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம்! கேட்டதற்கு, "லைன்ல இடம் பத்தலண்ணே" என்றான். பி.யு.சி.க்கு இடம் இருந்தது. சர்ச்சில் கல்யாண ஆராதனைக்குப் போனேன், போட்டோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன், பிரியாணி சாப்பிடாமல் எழுந்து வந்தேன். ஆம்பூர்க்காரன் ஒருவன் கல்யாணப் பிரியாணியை விட்டு எழுந்து வருவது எத்தனை பெரிய முடிவு என்பது சென்னையில் இருக்கும் தங்களுக்குப் புரியுமோ தெரியாது.

அந்த எம்.ஏ.வால் எனக்கு வேறு பலன் எதுவும் இல்லை என்பதால்தான் இத்தனை கோபம். 1984இல் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். காவியங்களைப் பற்றிக் கேட்பார்கள் என்று தயாராகிப் போனேன். "வாலிபால் கோச்சிங் தர முடியுமா?" என்று கேட்டார் தலைவர். முடியாது என்றேன். முடியும் என்றவன் இப்போது அங்கே துறைத் தலைவர். நான் தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் சூப்பர்வைசர். பதனிட்ட தோலை மேசைமேல் விரித்து, வெளிச்சத்தில் பார்த்து, உண்ணிக் கடி, முள் கீறல், அம்மைத் தழும்பு, கத்திக் காயம் எல்லாவற்றையும் எண்ணி, பின்புறத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு, அதற்குள் ஓர் எண் எழுத வேண்டும். ஒன்று என்றால் குற்றமில்லாத தோல். அதை இருபத்திரண்டு வருடத்தில் நான் நான்கு முறை எழுதியிருக்கிறேன், அதில் இரண்டை இன்றும் சந்தேகிக்கிறேன். இரண்டு அபூர்வம். மூன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெளிநாட்டுக்கு ஏற்றலாம். ஐந்து, ஆறு எல்லாம் ஷூவுக்குள்ளே துணிக்குப் பதில் வைக்கிற சரக்கு. ஏழைத் தாண்டினால் நான் எண்ணே எழுதுவதில்லை, குப்பையில் தள்ளிவிடுவேன்.

இப்போது தம்பிக்கு வருகிறேன். அவன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து, ஷாஹித் என்கிற தன் தோஸ்தோடு சேர்ந்து, ஷூ மேல்தோல் அடுக்கி வைக்கும் ஒரு கிடங்கின் மாடியில் மூன்று வருடம் உட்கார்ந்து 'வெண்மணல் நாடு' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்தான். வாளும் மந்திரமும் பூதங்களும் நிறைந்த ஒரு பெரிய நாடு. ஆடுகிறவன் எந்தத் திசையிலும் போகலாம், எதையும் செய்யலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். இதெல்லாம் ஜெயபுஷ்பம் சொல்லித் தெரியும். பகை என்னுடையது மட்டும்தான் என்று அவள் முதல் வருடமே அறிவித்துவிட்டு அவன் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். விளையாட்டு வெளிவந்ததும் ஆளுக்கு ஒன்று சொன்னார்களாம். இன்டர்நெட்டில் பாதிப் பேர் பொக்கிஷம் என்றார்கள். மீதிப் பேர், குதிரை தரைக்குள் புதைகிறது, கடைக்காரன் சுவருக்குள் நுழைந்துவிடுகிறான் என்றார்கள். பெங்களூர் ஆங்கிலப் பத்திரிகை ஒன்று எட்டு என்று எழுதிவிட்டது. எட்டு! பேசாத தம்பிதான், அதற்காக மூன்று வருட உழைப்பைக் குப்பையில் தள்ளுவதா? அன்றே பதினோரு பக்கத்தில் அந்தப் பத்திரிகைக்கு என் கண்டனத்தை எழுதி அனுப்பினேன்.

இந்த நிலையில்தான், போன வெள்ளிக்கிழமை, எங்கள் டெஸ்பாட்ச் கிளார்க் நயீம் அகமது தங்கள் இதழை என் மேசைமேல் வைத்து, "சார், உங்க தம்பி கேம் வந்திருக்குது பாருங்க, இன்னா எழுதியிருக்கான்னு நீங்களே படிங்க" என்று சொல்லிவிட்டு ஜும்மாவுக்கு ஓடினார். இருபத்தேழாம் பக்கத்தைத் திறந்தேன். வலது மூலையில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் மூன்று.

என் கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டி கீழே விழுந்தது என்றால் நம்புங்கள்.

பிறகு கட்டுரையைப் படித்தேன். என்ன நேர்மை, ஐயா! மூன்று கொடுத்துவிட்டோமே என்று எதையும் மூடி மறைக்கவில்லை. குதிரை புதைவதைச் சொல்லியிருக்கிறீர்கள், சண்டையின் நடுவே படம் உறைவதைச் சொல்லியிருக்கிறீர்கள், பெண்களுக்கெல்லாம் ஒரே முகம் என்பதைச் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல தோலில்தான் ஒவ்வொரு கீறலையும் எண்ணத் தோன்றும். கெட்ட தோலை யார் எண்ணுகிறார்கள்? முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுக் கார்ப் பந்தய விளையாட்டுக்கு ஒன்பது போட்டுவிட்டு, 'ஈடு இணையற்றது, இதற்கு மேல் ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தீர்களே, இலக்கிய மாணவன் என்ற முறையில் அந்த வஞ்சப் புகழ்ச்சியை மிகவும் ரசித்தேன்.

ஒரே ஓர் இடத்தில் எனக்கு மாறுபாடு. அந்த விளையாட்டில் வரும் பாலக்காவலரைப் பற்றித் தாங்கள் எழுதியது. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஆடுகிறவன் அவர் மரத்திலிருந்து ஒரு மாங்காயைப் பறித்துவிட்டால் அவர் கடைசிவரை மன்னிப்பதில்லை, நாட்டையே பூதத்திடமிருந்து காப்பாற்றிவிட்டு வந்தாலும் 'மாங்காய்க்கு என்ன பதில்?' என்று பாலத்தை மறித்து நிற்கிறார், பத்தொன்பது மணி நேரம் அங்கேயே வீணாயிற்று, இவரைப் படைத்தவருக்கு யார்மேல் என்ன வன்மமோ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்டிலேயே கொள்கை உள்ள ஒரே மனிதர் அவர்தான். பறித்தது தப்புதானே?

அடுத்த வரி எதிர்பாராதது. "ஆட்டம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலில் ஒரே ஒருவருக்கு மட்டும் பட்டமெல்லாம் போட்டிருக்கிறார்கள்: 'பாலக்காவலருக்கு மூலம், இன்பசேகரன், எம்.ஏ., தங்கப் பதக்கம்.' யாரய்யா இவர்?" என்று கேட்டிருந்தீர்கள்.

நான்தான், ஐயா.

அரை நாள் லீவு போட்டேன். ஆற்காட்டுக்கு பஸ் ஏறி ஒரு பெட்டி மக்கன் பேடா வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து, ஒன்பது வருடப் பகையில் ஒருமுறைகூட ஏறாத அந்தக் கிடங்கு மாடிப்படியில் ஏறினேன். ஜோனதன் சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஷாஹித். நடுவில் தங்கள் இதழ். பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கை என்னவென்று சொல்வது?

"வந்துட்டியாண்ணே? ஒம்போது வருஷமா வராதவன் இன்னிக்குன்னு பாத்து வந்துட்டே. ஸ்வீட் வேற. சாவு ஊட்டுக்குக்கூட எவனும் இப்டி ஸ்வீட் எடுத்துக்கினு வர மாட்டாண்ணே."

"இன்னாடா பேசறே?" என்றேன். "மூணு வாங்கிக்கினு மூஞ்ச இப்டி வெச்சிருக்கே? இந்த வருஷம் பூரா எங்க ஃபேக்டரில நூத்துக்குப் பத்து தோல் மூணு வாங்கல. மொதல் சரக்குடா இது உனுக்கு! அந்த பெங்களூர்க்காரன் எட்டு போட்டானே, அவனுக்குக் கண்ணு கெடயாது. இவரு வெளிச்சத்துல வெச்சுப் பாத்திருக்காரு."

ஜோனதன் என்னையே பார்த்தான். ஷாஹித் அவன் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். ஷாஹித் குடும்பமும் மூன்று தலைமுறையாகத் தோல்காரர்கள்தான், எதைச் சொன்னானோ தெரியாது. ஜோனதன் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர். சந்தோஷத்தில் இப்படி ஆகும் என்று படித்திருக்கிறேன்.

"மூணுன்னா நல்லதாண்ணே?"

"எக்ஸ்போர்ட்டுடா."

"கேட்டியா ஷாஹித், எக்ஸ்போர்ட்டாம்" என்று பெட்டியைப் பிரித்து இரண்டு பேடாவை ஒரே வாயில் போட்டுக்கொண்டான். காலையிலிருந்து சாப்பிடவில்லையாம்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எம்.ஏ. போட்டிருக்கியாமே" என்றேன்.

"லைன்ல இடம் இருந்துதுண்ணே" என்றான்.

பிறகு ஆட்டத்தைப் போட்டுக் காட்டினான். பாலக்காவலருக்கு என் மூக்கு. பெரிய ஆற்றை வரைந்துவிட்டுத் தண்ணீர் விட மறந்துவிட்டார்கள் என்று தாங்கள் குறை சொல்லியிருந்தீர்கள். மறக்கவில்லை, ஐயா. பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஆறு என்றால் அப்படித்தான் வரைவார்கள். பாலத்தில் வழி விடாவிட்டால் பக்கத்தில் இறங்கி மணலில் நடந்து போய்விடலாம், தாங்கள் பத்தொன்பது மணி நேரம் மேலேயே நின்றிருக்க வேண்டியதில்லை. ஜோனதனிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "யாராச்சும் ஒருத்தர் எறங்கி வருவாங்கன்னுதாண்ணே அப்டி வெச்சேன்" என்றான். 

இந்த மாதத்தோடு அறையைப் பூட்டிவிட்டு பெங்களூருக்கே போவதாக இருந்தானாம். மூன்று வாங்கியவன் எங்கேயும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தலையாட்டினான். குதிரையைத் தரைக்கு மேலே கொண்டுவரும் வேலை இப்போது நடக்கிறது. எனக்கு ஒரு தம்பியைத் திருப்பித் தந்த தங்கள் கண்ணும் கையும் தளராமல், யார் முகத்துக்காகவும் எண்ணைத் திருத்தாமல் நீண்ட காலம் மதிப்பிட்டு வாழக் கர்த்தர் துணை நிற்பாராக. தங்கள் இல்லத்தாருக்கும் அச்சகத்தாருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

தங்கள் நன்றியுள்ள,
இன்பசேகரன், எம்.ஏ.

பி.கு.: உறையில் போடும் முன் வழக்கப்படி கடிதத்தை ஜெயபுஷ்பத்திடம் படிக்கக் கொடுத்தேன். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, அது பத்துக்கு மூணுங்க" என்றாள். தங்கள் இதழின் மூன்றாம் பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. "ஜோனதன் அன்னிக்கே போன் பண்ணிட்டான். அண்ணனுக்குத் தெரியாம பாத்துக்கோ அண்ணி, நல்லா செஞ்சிருக்கேடான்னு எங்கிட்ட நேர்ல சொன்னது இத்தன நாள்ல அவரு ஒருத்தருதான்னான்" என்றும் சொன்னாள்.

ஆகவே மேலே கண்ட நன்றி, வாழ்த்து, அன்பு அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். கார்ப் பந்தயத்தைப் புகழ்ந்தது உண்மையான புகழ்ச்சி என்றால் அதற்காகத் தாங்கள் வெட்கப்பட வேண்டும். பெங்களூர்ப் பத்திரிகைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை; ஒரு பெட்டி பேடா அனுப்பிவிட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது ஜோனதனுக்குத் தெரிய வேண்டாம். இதைத் தாங்கள் பிரசுரிக்கக் கூடாது. அந்த எம்.ஏ. வரிக்கான நன்றியை மட்டும் திரும்பப் பெற முடியவில்லை, இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன்.

நான் பேசாமல் இருப்பதற்கென்று ஒன்பது வருடமாக ஓர் ஆள் இருந்தான். அந்த இடம் இப்போது காலி. இன்று முதல் அது தங்களுக்கு. பதில் எழுத வேண்டாம். எழுதினால், உறையின் மேல் பெயருக்குப் பின்னால் பட்டம் விடுபடாமல் பார்த்துக்கொள்ளவும்.