கெஹிண்டேயின் கன்னம்

"அந்த டப்பாவை முதல்ல கீழ வைங்க!"

அகின்லாபி துண்டும் கையுமாக அறை வாசலில் நின்றான். பக்கத்துப் போர்ஷன் அபேனியம்மா, தாய்வோவின் காலில் களிம்பு தடவுவதை நிறுத்தவில்லை.

"கரப்பான் வந்திருக்கறது கெஹிண்டேவுக்கு. டாக்டர் களிம்பு குடுத்ததும் கெஹிண்டேவுக்கு. நீங்க இவனுக்குத் தடவறீங்க!"

"ரெட்டைப் புள்ளைங்கப்பா. ஒண்ணுக்குச் செஞ்சதை இன்னொண்ணுக்கும் செய்யணும். இல்லேன்னா அது கோவிச்சுக்கும்."

"எட்டு மாசப் புள்ளை கோவிச்சுக்குமா?"

"உன் பொண்டாட்டியை ஒருத்தனுக்கு மட்டும் தொப்பி வாங்கிட்டு வரச் சொல்லு பாப்போம்."

இபாதான் ஊரில் இதற்கு மேல் யாரும் வாதாட மாட்டார்கள். அகின்லாபி வாதாடினான். நில அளவை அலுவலகத்தில் பதினோரு வருஷம் சங்கிலி பிடித்தவன். அளந்து பார்க்காமல் சொந்த மாமனார் பேச்சைக்கூட நம்பாதவன்.

"நோய் இல்லாத புள்ளைக்கு எதுக்கு மருந்து?"

"இது மருந்தா? எண்ணெய்ப் பசை. அந்தச் சின்னக் குழாயில இருக்கறதுதான் மருந்து. இந்த ஹர்மட்டான் வறட்டுக் காத்துல ஒடம்பு காயாம இருக்கத்தான் இது. சரி, ஒரே அச்சுல இருக்கற இவனுங்கள்ல யாரு யாருன்னாவது தெரியுமா உனக்கு?"

"கன்னத்தைப் பாத்தாத் தெரியாதா?" என்றான் அவன்.

பிரச்சினை கன்னத்தில்தான் தொடங்கியது. அவன் மனைவி மொரெனிகே, கிடைத்தற்கரிய பதவி உயர்வுக்காக அபுஜாவில் பத்து நாள் பயிற்சியில் இருந்தாள். பயிற்சி முடிந்ததும் வரும் திங்கட்கிழமை அவள் புது வேலையில் சேர வேண்டும். அதே திங்கட்கிழமை அவன் விடுமுறையும் முடிகிறது. ஆனால் குழந்தைகள் காப்பக மேடம் ஃபோலரின், கெஹிண்டேயின் கன்னத்தில் நீர் கசியும் சிவப்பைப் பார்த்ததும் பதிவேட்டை மூடிவிட்டார்.

"இது ஒட்டாது மேடம். டாக்டரே சொன்னாரு."

"எனக்குத் தெரியும். மத்த அம்மாக்களுக்குத் தெரியணுமே! அடுத்த வாரம் சனிக்கிழமை நானே வந்து பாக்கறேன். ஆறுற கரப்பானா இருந்தா சேத்துக்கறேன். ஆறவே ஆறாத கேஸ்னா மன்னிச்சுக்குங்க."

ஒருவனை எடுக்காவிட்டால் இருவரும் வீட்டில்தான். இரட்டையரைப் பிரித்து வைக்க அந்த ஊரில் எவருக்கும் துணிச்சல் கிடையாது. பிறகு மொரெனிகே வேலையை விடுவதைத் தவிர வழியில்லை. "நீ போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று பேருந்து நிலையத்தில் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான் அகின்லாபி.

டாக்டர் சொன்னதைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்தே நிமிடக் குளியல். வாசனை சோப்பு கூடாது. நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஈரம் ஒற்றியெடுத்த கையோடு களிம்பு. சிவந்த இடத்தில் மட்டும் குழாய் மருந்து. 'கெஹிண்டேவுக்கு மட்டும்' என்று அடியில் தானாகச் சேர்த்து, இரண்டு கோடும் இழுத்தான்.

"இனிமே என் புள்ளைங்க பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதீங்க" என்று அபேனியம்மாவிடம் சொன்னான்.

பிறந்த நாளிலிருந்து அவ்விருவரையும் குளிப்பாட்டியவள் அவள். எழுந்து முற்றத்துக்குப் போய், அக்காரா வடை பொரிக்கும் சட்டியின் முன் உட்கார்ந்துகொண்டாள். அன்று முதல் அவன் பிள்ளைகளோடு வெளியே வந்தால் போதும், சட்டியை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நாலைந்து அக்காரா தீய்ந்தாலும் திரும்ப மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னம் பளிச்சென்று இருந்தது. அகின்லாபி இருவரையும் தூக்கிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனான். பாஸ்டர் இருவர் நெற்றியிலும் ஜெப எண்ணெய் பூசினார். அன்று தொலைபேசியில் மொரெனிகேயிடம் அவன் பேசிய பேச்சைக் கேட்டால், தோல் மருத்துவத்தையே அவன்தான் கண்டுபிடித்தான் என்று தோன்றும்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது கன்னம் மறுபடி சிவந்திருந்தது.

அகின்லாபி அசரவில்லை. முதலில் சலவைத் தூள்மேல் சந்தேகப்பட்டான். எல்லாத் துணியையும் வாசனையில்லாத கட்டி சோப்பால் தானே துவைத்தான். மூன்று தடவை அலசினான். புதன்கிழமை சிவப்பு முழங்கைக்கு இறங்கியிருந்தது. போதாததற்கு அவன் விரல்களும் வெடித்துவிட்டன. மருந்துக்கடைக்காரர் விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்களுக்கும் கரப்பான்தான் சார். பெரியவங்களுக்கு இப்படிக் கையில வரும். சோப்புத் தண்ணியில ஊறாதீங்க. கையுறை போட்டுக்குங்க. புள்ளைக்குத் தடவற களிம்பையே தடவுங்க."

"புள்ளை களிம்பை நானா தொடுவேன்?" என்று கேட்டுவிட்டு வந்தான்.

அடுத்த சந்தேகம் ஜெப எண்ணெய். மூக்கைத் துளைக்கும் வாசனை அதில். பாஸ்டருக்குத் தொலைபேசி போட்டு, "இனிமே என் புள்ளைக்கு எண்ணெய் வேண்டாம் ஐயா" என்றான். பாஸ்டர் பதறிப்போனார். எண்ணெய் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அந்த வீட்டில் என்ன கஷ்டமோ என்று, அன்று மாலையே ஏழு பெண்களை ஜெபிக்க அனுப்பிவைத்தார். ஆளுக்கொரு பாட்டில் எண்ணெயோடு வந்தார்கள்.

"கன்னத்தைத் தொடாதீங்கம்மா, புண்ணியமாப் போகும்!"

"தொடாம எப்படித் தம்பி குணமாகும்?"

ஏழு பேரும் தொட்டார்கள். வியாழக்கிழமை அந்தக் கன்னத்தைப் பார்க்க முடியவில்லை.

மிச்சம் இருந்தது களிம்பு மட்டும்தான். அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று முடிவுசெய்து, குழாய் மருந்தையும் சேர்த்தே நிறுத்தினான். வெளியே ஹர்மட்டான் புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. குழந்தை ஓயாமல் சொறிந்தான். சொறியாதிருக்க அவன் கைகளில் அகின்லாபி காலுறை மாட்டிவிட்டான். குழந்தை காலுறையைச் சப்பி நனைத்து, அந்த ஈரத்தோடு முகத்தைத் தேய்த்துக்கொண்டான். காலுறையைக் கழற்றினால் சொறிகிறான். மாட்டினால் தேய்க்கிறான். வெள்ளிக்கிழமை முழுவதும் அகின்லாபி அந்தக் கைகளைத் தன் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"கெஹிண்டே எப்படி இருக்கான்?" என்று மொரெனிகே தொலைபேசியில் கேட்டாள்.

"ஜம்முனு இருக்கான்."

கல்யாணமான பின் அவளிடம் அவன் சொன்ன முதல் பொய் அது. தொலைபேசியை வைத்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை மேடம் ஃபோலரின் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். அறைக்குள் புழுக்கமாக இருந்ததால் முற்றத்திலேயே நாற்காலி போட்டான். சொறிகிறவனைப் பாயில் கிடத்தி, மற்றவனை மடியில் வைத்துக்கொண்டான். பக்கத்துச் சட்டியின் முன்னாலிருந்த அபேனியம்மா உடனே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேடம் பாயில் கிடந்தவனைக் குனிந்து பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"போன வாரத்தைவிட மோசமா இருக்கே?"

"ஞாயித்துக்கிழமை சுத்தமாப் போயிடுச்சு மேடம். சத்தியமாச் சொல்றேன். செவ்வாய்க்கிழமை திரும்ப வந்திடுச்சு. சோப்பை மாத்தினேன், எண்ணெயை நிறுத்தினேன், இங்க பாருங்க, என் கையே போச்சு! இன்னும் ஒரு வாரம் குடுங்க. டாக்டர் சொல்ற எதையும் செய்யறேன்."

"உங்க மேல குத்தம் சொல்லல. போன வாரம் நான் பாத்த புள்ளை இன்னைக்கு ஆறின கன்னத்தோட என் முன்னால இருந்தா, மறு பேச்சில்லாம ரெண்டு பேரையும் சேத்துக்கிட்டிருப்பேன். ஆறலையே!" மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

அவன் மடியில் வழவழவென்ற கன்னத்தோடு இருந்த குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தான். அகின்லாபி சட்டிப் பக்கம் திரும்பினான். இப்போது அவனுக்கு வீறாப்பு எதுவும் மிச்சமில்லை.

"அபேனியம்மா! உங்களுக்காவது ஏதாவது தோணுதா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"திரும்பிக்கூடப் பாக்கக் கூடாதுன்னு சொன்னியே" என்றாள் சுவரைப் பார்த்தபடி.

"தப்புதான். தயவுசெய்து பாருங்க."

அபேனியம்மா ஜல்லிக்கரண்டியைக் கீழே வைத்தாள். ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் முறையாகத் திரும்பினாள். பாயில் சொறிந்துகொண்டிருந்தவனைப் பார்த்தாள். மடியில் சிரித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள்.

"கெஹிண்டே நல்லாகித்தானே உன் மடியில உக்காந்திருக்கான், அஞ்சு நாளா நீ போட்டுப் படுத்தறது தாய்வோவை!"