மாடியில் குத்திய காது

சங்கரன்கோவிலில் பிறந்த ஒருவன் கல்யாண மஹாலுக்குள் கால் வைக்காமல் காலம் தள்ளிவிட முடியாது. ஊரின் நட்டநடுவில் இருக்கிறது. கீழே ஒரு ஹால், மாடியில் ஒரு ஹால், இரண்டும் ஏசி (கரண்ட் இருந்தால்). கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம், ரத்ததான முகாம், எதை எடுத்தாலும் ஒரே விலை என்று கூவுகிற கண்காட்சி எல்லாம் அங்கேதான். யாரோடாவது சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினாலும் பிரயோசனமில்லை. அடுத்த முகூர்த்தத்தில் அந்த ஆள் மஹால் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து ரசத்துக்குக் காத்திருப்பார். ஊரே கூடுகிற அந்த இடத்தில்தான் என் மானமும் போனது, செண்டை மேளத்தோடு.

அப்போது நான் குவைத்தில் ஒரு கடையில் சூப்பர்வைசர். எனக்கு ஒரே தங்கை, செல்வி. அப்பாவும் அம்மாவும் இல்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். அப்பேர்ப்பட்ட பிறந்த வீடு அவள் கல்யாணத்துக்கு வரவில்லை, வளைகாப்புக்கும் வரவில்லை (இரண்டு தடவையும் லீவு கேட்டேன், இரண்டு தடவையும் முதலாளி சிரித்தார்). கரிவலம்வந்தநல்லூரில் இருக்கிற அவள் மாமியார், "உங்க அண்ணன்னு ஒருத்தன் உண்மையிலயே இருக்கானாட்டி, இல்ல போன்ல மட்டுந்தானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

எனவே அவள் மகள் யாழினிக்கு மஹாலில் வைத்திருந்த காதுகுத்துக்கு நான் வந்தே ஆக வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். "அண்ணே, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வந்துரு. நீ வரலன்னா நான் அந்த வீட்டுல தலை நிமிர்ந்து நடக்க முடியாது" என்று செல்வி போனில் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள்.

வந்தேன். சும்மா வரவில்லை. சீர்த்தட்டுகள், செண்டை மேளம், தட்டு தூக்கப் பட்டுச்சேலை கட்டிய பெண்கள் எல்லாம் ஒரே பேக்கேஜில் ஏற்பாடு செய்திருந்தான் என் சேக்காளி முருகன். நான் பட்டுவேட்டியில், சட்டைப் பையில் யாழினிக்கு வாங்கிய கம்மல் டப்பாவோடு, மேளத்துக்குப் பின்னால் நடந்தேன். இரண்டு விசேஷத்துக்கு வராததற்கும் சேர்த்து ஒரே நாளில் ஊர் வாயை அடைத்துவிட்டதாக எனக்குள் ஒரு மிதப்பு. முருகன் மட்டும் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான் (மஹாலில் ஆயிரம் பேர் சாப்பிடலாம், பத்துக் கார் நிறுத்த முடியாது).

அன்று மாடியிலும் ஒரு காதுகுத்து என்பது எனக்குத் தெரியாது. வாசலில் இரண்டு பேனர்கள் இருந்தன. இரண்டிலும் ஒரு குழந்தை, சுற்றிலும் நாற்பது தலைகள். நான் என் தலை எதிலாவது இருக்கிறதா என்று தேடுவதற்குள், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"ஏலே, தாய்மாமன் சீர் வந்துட்டு! வழி விடுங்கலே! வாங்க தம்பி, வாங்க, நேரம் போவுது!"

எவ்வளவு மரியாதை! செல்வியின் மாமனார்தான் போலிருக்கிறது என்று நெகிழ்ந்துபோனேன் (கல்யாணத்துக்கு வந்திருந்தால் முகம் தெரிந்திருக்கும்). அவர் என்னை மாடிக்கு இழுத்துப் போனார். மேளம் பின்னாலேயே ஏறியது. மேலே கூட்டம் எழுந்து நின்றது. சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் வந்ததற்கு இவ்வளவு பேர் அழுகிறார்களே என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அவ எங்க?" என்று கேட்டேன்.

"இவ்வளவு நேரமும் அழுதுகிட்டே இருந்தா. மூஞ்சி கழுவப் போயிருக்கா. நீங்க முதல்ல உட்காருங்க" என்றார் ஒரு அம்மாள். என் தங்கையைத் தவிர வேறு யார் எனக்காக அழப்போகிறார்கள்? உட்கார்ந்தேன்.

மஞ்சள் துண்டில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்தார்கள். யாழினியை நான் போனில் பார்த்ததோடு சரி, அதுவும் தலை நிறைய முடியோடு. மொட்டை போட்டுச் சந்தனம் தடவிவிட்டால் உலகத்தில் எல்லாக் குழந்தையும் ஒரே குழந்தைதான். ஆசாரி கம்மல் கேட்டார். கொடுத்தேன். ஒரு காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டது. "அழாதட்டி, மாமா இருக்கேன்லா" என்று நானும் அழுதேன். சட்டைப் பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு கையிலும் குழந்தை, எப்படி எடுப்பது?

அப்போது மடியில் சூடாக நனைந்தது. துண்டு விலகியது. குனிந்து பார்த்தேன். என் மடியில் இருந்தது மருமகள் இல்லை. சந்தேகத்துக்கே இடமில்லாத மருமகன்.

மூளை வேலை செய்வதற்குள் முகம் கழுவிய ஈரத்தோடு ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றாள். நான் பிறந்ததிலிருந்து பார்த்தறியாத பெண். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணாச்சி, எங்க அண்ணன் அனுப்பிட்டானா? புளியங்குடியில நல்லாருக்கானா? என் மேல கோவம் போயிட்டா?"

பின்னால் தெரிந்துகொண்டது இது. அவள் பெயர் கோமதி. கிணற்று மோட்டார் தகராறில் அவள் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டான். அண்ணன் வராவிட்டாலும் மனமிரங்கி ஆள்மூலம் சீர் அனுப்பிவிட்டான் என்று, வாசலில் நின்ற அவள் மாமனார் முதல் பந்தி பரிமாறுகிறவர் வரை நம்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, இதுவரை நான் செய்த எந்த முட்டாள்தனமும் இதற்கு உறைபோடக் காணாது என்பது மட்டும் தெரிந்தது. கட்டடம் இடிந்து விழுந்தால் தேவலை என்று நினைத்தேன். விழவில்லை, நல்ல காங்கிரீட்.

மேளம் நின்றது. அந்த அமைதியில் ஒரு குரல் கேட்டது.

"அண்ணே, அது யாரு பிள்ளை?"

படிக்கட்டு வாசலில் செல்வி நின்றாள். இடுப்பில் இன்னொரு மொட்டைத் தலை. பின்னால், கீழ் ஹாலில் என்னைத் தேடிக் காணாமல் அவளைக் கூட்டிவந்த முருகன். "இங்கன என்னலே செய்யுத?" என்றான்.  அழுதேன். இந்தத் தடவை நெகிழ்ச்சியால் இல்லை.

முருகன்தான் விஷயத்தை உடைத்தான். பெரியவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோமதி குழந்தையைத் தூக்கக் குனிந்தாள்.  "மன்னிச்சிருங்க அண்ணாச்சி, கம்மலைக் கழட்டித் தாரேன்" என்றாள்.

செல்வி மண்டபக் கடிகாரத்தைப் பார்த்தாள், குழந்தையின் ரத்தம் கசிந்த காதைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் அடித்திருக்கலாம்.

"பச்சப்புள்ள காதுல போட்டதக் கழட்டாதீங்க மதினி" என்றாள். "அண்ணே, இன்னொரு காதையும் குத்தி முடிச்சுட்டு வா. பாதியில எந்திரிச்சா அந்தப் பிள்ளைக்கு ஆகாது."

"நேரம் போயிருமேம்மா."

"போனாப் போவுது. நான் காத்துக்கிட்டு இருந்தவதான?"

இரண்டாவது கம்மலும் அந்தப் பையன் காதில்தான் ஏறியது. சீரை இறக்கிக் கீழே கொண்டுபோக மேளக்காரர்கள் தனி ரேட் கேட்டார்கள். யாழினிக்கு ராகுகாலத்தில், மாமியார் வீட்டுக் கம்மலில், ஈர வேட்டி கட்டிய தாய்மாமன் மடியில் காது குத்தப்பட்டது. "அண்ணன் இருக்கது உண்மைதான். அறிவுதான் போன்ல இருக்கு போல" என்றார் மாமியார். செல்வி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. 

இன்றுவரை யாழினிக்குச் சளி பிடித்தாலும், கணக்கில் மார்க் குறைந்தாலும், பஸ் தவறினாலும், காரணம் என்னால் காது குத்திய ராகுகாலம்தான். அவளுக்கு மாமன்முறை நிறையப் பேர். எல்லாரும் பெயரோடு மாமா. நான் மட்டும் மாடி மாமா.

கோமதியின் அண்ணன் அதற்குப் பிறகும் வரவில்லை. போன மாதம் கோமதியே எனக்கு போன் செய்தாள். இரண்டாவதாகப் பிறந்த பெண் குழந்தைக்குக் காதுகுத்து, அதே மாடி. "உங்களை விட்டா எனக்கு ஆளில்ல அண்ணாச்சி" என்றாள். அதே குவைத் முதலாளியிடம் கேட்டேன். என்ன அதிசயமோ, லீவு கொடுத்துவிட்டார்.

செல்வியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்துவிட்டுச் சொன்னேன்.  

"வா" என்றாள். "நான் வாசல்ல நிப்பேன். மொதல்ல என் முகத்தப் பாத்துட்டு, பொறவு மாடியேறு."