இரண்டு போதும்

கிழக்குத் தாம்பரம்,
14-12-1970.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மச்சான் வேதசிரோமணி அவர்களுக்கு எலியேசர் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை சாராளும் பிள்ளைகளும் ஆண்டவர் கிருபையில் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், அக்காளின் மூட்டுவலி குறைந்ததா என்பதையும் அறிய ஆவல்.

பல் மருத்துவ மாணவர்களுக்குப் பொது சுகாதாரம் கற்பிக்கிற என் பிழைப்பைப் பற்றி விசாரித்திருந்தீர்கள். அதை ஏன் கேட்கிறீர்கள் போங்கள். நான் குடிநீரையும் சாக்கடையையும் பற்றிப் பேசினால் முன்வரிசை கொட்டாவி விடுகிறது, பின்வரிசை தூங்கியே போகிறது. ஸ்ரீநிவாசராகவன் என்று ஒரு பையன், "சார், நம்ம சப்ஜெக்ட் உதட்டுக்கு உள்ளே. ஊர் எதுக்கு சார்?" என்று எழுந்து நின்றே கேட்டுவிட்டான். பிரின்சிபால் பட்டாபிராமனுக்கும் அதே சந்தேகம். "செம்பாக்கத்துல ஒரு முகாம் போடுங்க. ஜனம் வந்தா பாடம் இருக்கும். வராட்டி உங்களைப் பழையபடி சுகாதார இலாகாவுக்கே அனுப்பிடறேன்" என்றார். இலாகா என்றால் எந்தக் கோடிக்காவது தூக்கிப் போடுவார்கள். சாராளுக்கோ இப்போதுதான் இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமாகியிருக்கிறது. மறுபேச்சில்லாமல் முகாமுக்கு நாள் குறித்துவிட்டேன் மச்சான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பையன்களோடு செம்பாக்கம் போனேன். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பல் விளக்கினால் போதும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லடா என்று ஸ்ரீநிவாசராகவனிடம் மைக்கைக் கொடுத்தேன். அந்தப் புத்திசாலி சுருக்கிய சுருக்கில் பல்லே காணாமல் போய்விட்டது. "இரண்டு போதும்! டாக்டர்கள் வந்திருக்கிறோம்! இரண்டு போதும்! முகாமுக்கு வாருங்கள்!" என்று ஏரிக்கரை முழுக்க அலறிக்கொண்டே வந்தான். அவ்வளவுதான், குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் கத்தியோடு வந்துவிட்டார்கள் என்று ஊரிலிருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் ஓட்டம் பிடித்து ஏரிக்குள் இறங்கிவிட்டார்கள். பொன்னுரங்கம் என்ற பெரியவர் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கும்பிடுகிறார்: "எனக்குப் பேரனே கீறான். என்னை இன்னாத்துக்கு சார் புடிக்க வந்துகீறீங்க?" நான் கரையில் நின்று, "வாயைத் தொறந்து காட்டினா போதும்யா!" என்று கெஞ்சுகிறேன். "மொதல்ல வாயின்னுவீங்க, அப்பால?" என்கிறார்.

பெண்கள் மட்டும் ஓடவில்லை. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளோடு வந்து வரிசை கட்டி நின்றார்கள். "ரெண்டு போதும்னியே, அத்த எங்க வூட்டுக்காரன் காதுல வுழுற மாதிரி இன்னொரு தபா சொல்லு சார்" என்று ஒருத்தி மைக்கையே பிடுங்கிவிட்டாள். பல்லைத்தான் பார்க்கிறோம் என்று புரிந்த பிறகும் யாரும் போகவில்லை. "வந்தது வந்துட்டோம், இத்தையும் பாத்துடு" என்று வாயைத் திறந்தார்கள். குளிர் தாங்காமல் ஆம்பளைகளும் ஒவ்வொருவராகக் கரையேறி வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். அந்த நேரம் பார்த்து பிரின்சிபாலின் கார் வந்து நின்றது. கூட்டத்தைக் கண்டு மனுஷன் அசந்துபோய், வாரத்துக்கு இன்னொரு மணி நேரம் எனக்கு ஒதுக்கிவிட்டார். ஸ்ரீநிவாசராகவனும், "ஒரு ஊர்ல இவ்வளவு சொத்தைப் பல்லா சார்? எந்தத் தண்ணி குடிக்கறாங்க?" என்று தானாகவே கேட்டான். அந்தக் கேள்வி ஒன்று போதும், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனி தாம்பரத்தை விட்டு நாங்கள் அசையப் போவதில்லை. கிறிஸ்துமசுக்கு நீங்கள்தான் இங்கே வரவேண்டும்.

ரத்தினபாய் அக்காளுக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். தேவன் உங்கள் குடும்பத்தை ஒரு குறைவுமின்றிக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
எலியேசர்.

பி.கு.: இதை ஒட்டப்போகிற நேரத்தில் கல்லூரிப் பியூன் ஓர் உத்தரவு கொண்டுவந்தான். செம்பாக்கத்தில் கூட்டம் சேர்ந்த கதை இலாகா வரைக்கும் போய், ஜனங்களை வரவழைக்க இவரை விட்டால் ஆள் கிடையாது என்று, என்னை உங்கள் ஜில்லாவுக்கே குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசார அதிகாரியாகப் போட்டுவிட்டார்கள். சாராளிடம் இன்னும் சொல்லவில்லை. பெரிய வீடாகப் பாருங்கள். எங்களுக்கு ஏழு பிள்ளைகள் என்பதை மட்டும் அங்கே யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.