மூரா அண்ணே வாங்கி வந்த கிளவ்

பினாங்கில் கடை வைத்திருக்கிறவர்கள் கடவுளுக்குப் பயந்தார்களோ இல்லையோ, எங்கள் பிளாட்டு மூரா அண்ணனுக்குப் பயந்தார்கள். அவர் தலை தெருமுனையில் தெரிந்தால் லிட்டில் இந்தியாவில் பாதிக் கடைக்காரர்களுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். மீதிப் பேருக்குக் காது கேட்காமல் போய்விடும்.

மூரா என்றால் மலாயில் மலிவு. சொந்தப் பேர் என்ன என்று பிளாட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பட்டப்பேர் அவருக்கு அறவே பிடிக்காது. "மலிவா வாங்குறவன் நான் இல்ல தங்கச்சி. குடுக்கிற வெள்ளிக்குப் பொருள் உழைக்கணும்லா!" என்பார். பொருள் உழைக்கிறதோ இல்லையோ, அதை வாங்குவதற்குள் கூடப் போனவர்கள் உழைத்துவிடுவோம்.

துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கி ஓய்வுபெற்றவர். தனி ஆள். தனக்கென்று வாங்க ஒன்றும் இல்லாததால் எங்கள் எல்லாருக்கும் அவரே வாங்கினார். நான் குக்கர் வாங்கப் போனபோது கூடவே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்துக் கடைக்காரர் முன்னால் வைத்தார்.

"வேகவச்சுக் காட்டு தம்பி."

"அண்ணே, இங்க அடுப்பு இல்லண்ணே."

"அடுப்பு இல்லாதவன் குக்கர் ஏன் விக்கிற?"

கடைசியில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை அடுப்பில் வேகவைத்து, சோற்றை நசுக்கிப் பார்த்த பிறகுதான் காசு கொடுக்க விட்டார். அந்தக் குக்கர் இன்றைக்கும் என் வீட்டில் விசில் அடிக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு தைப்பூசத்துக்கு, ரதத்தின் முன்னால் உடைக்கத் தேங்காய் வாங்கப் போனார். ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்து ஆட்டினார், தட்டினார், முகர்ந்தார். "உடைக்கிறதுக்குத்தானே அண்ணே, எதுவா இருந்தா என்ன?" என்றேன். "முருகனுக்குச் சொத்தையைக் குடுக்கச் சொல்றியா?" என்று என்னை முறைத்தார். அவர் பொறுக்கி முடிப்பதற்குள் ரதம் போயே போய்விட்டது. தோளில் சாக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்மலை ரோட்டில் ரதத்தைத் துரத்தி ஓடினார் மனிதர். முருகனே ஒருமுறை திரும்பிப் பார்த்திருப்பார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் பவானியின் சாஃப்ட்பால் ஆட்டம் போய் மாட்டியது. பேஸ்பால் மாதிரிதான், மட்டையால் அடித்து, பந்தைப் பிடித்து எறிகிற ஆட்டம்.

பவானி என் எதிர்வீட்டுச் சாந்தியின் மகள். பள்ளியில் படிவம் இரண்டு, பதினாலு வயது. சாந்தி ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்த்து ஒற்றை ஆளாக வளர்க்கிறாள். பவானி பிடிவாதக்காரி. சின்னதில் இடது கையில்தான் சாப்பிடுவேன், இடது கையில்தான் எழுதுவேன் என்று அடம் பிடித்தாள். நானும் சாந்தியும் மாற்றி மாற்றி உட்கார்ந்து வலது கைக்குப் பழக்கி எடுத்தோம். அந்தப் பிடிவாதம் இப்போது பந்துக்கு வந்திருந்தது. பள்ளிக்கூடக் குழுவில் சேர்ந்தே தீர வேண்டும். சனிக்கிழமை ஆள் எடுக்கிற தேர்வு. பள்ளியில் இருக்கிற உறைகள் கிழிந்துவிட்டன, அவரவர் கிளவ் அவரவர் கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். கிளவ் என்றால் பந்து பிடிக்கிற பெரிய தோல் உறை.

"இந்த மாசம் முடியாதுடி" என்றாள் சாந்தி. பவானி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள்.

விஷயம் மூரா அண்ணன் காதுக்குப் போனது. உடனே கடைக்கு ஓடுகிறவரா அவர்? குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளித் திடல் வேலிக்கு வெளியே ரெண்டு நாள் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு சாந்தி வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"மட்டை வேணாம். பள்ளிக்கூடத்துல இருக்கு, மாத்தி மாத்தி அடிச்சுக்கட்டும். தொப்பியும் அங்கயே இருக்கு. காசு கட்டி வகுப்புக்கு அனுப்பணும்னு எவனாச்சும் சொன்னா நம்பாதே. கீழே கார் பார்க்ல சுவர் இருக்கு, சுவர் சம்பளம் கேக்காது. கிளவ் ஒண்ணு மட்டும் நல்ல தோல்ல வாங்கிடுவோம். கை அவளோடது, பத்திரமா இருக்கணும் பாரு."

நல்ல பேச்சுத்தான். ஆனால் ஆளை நம்ப முடியுமா? "அக்கா, நீயும் கூடப் போ" என்று சாந்தி என்னைக் காவலுக்கு அனுப்பினாள்.

விளையாட்டுச் சாமான் கடை தவ்கே, அதாவது சீன முதலாளி, எங்களை வரவேற்ற இரண்டாம் நிமிஷமே வருத்தப்பட ஆரம்பித்தார். மூரா அண்ணன் முதலில் பந்தை எடுத்து அமுக்கினார்.

"சாஃப்டுன்னு பேரு வச்சிட்டுக் கல்லைக் குடுக்கிறியே தவ்கே!"

அடுத்து உறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டார், குத்தினார், முகர்ந்தார். "இது பிளாஸ்டிக். இது பாதி பிளாஸ்டிக். இது மாடே இல்ல." எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்றை இழுத்தார். அசல் தோல். விலையோ பாதி. வலது கையை நுழைத்தார். சரியாக உட்கார்ந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

தவ்கே பதறிப்போய் மலாயில் சொன்னார். "அண்ணே, அது இடது கைக்காரங்களுக்கு. மத்தவங்க உறையை இடது கையில மாட்டுவாங்க, வலது கையால எறிவாங்க. அதனாலதான் அது விக்காமக் கிடக்கு."

மூரா அண்ணன் நிமிர்ந்தார். "தவ்கே, நாங்க எதை வாங்கினாலும் வலது கையாலதான் வாங்குவோம். கல்யாணப் பத்திரிகையா இருந்தாலும் சரி, கோயில் விபூதியா இருந்தாலும் சரி. பந்தை மட்டும் இடது கையில வாங்கணுமா? நீ என்ன சொல்றே தங்கச்சி?"

நியாயமாகத்தான் பட்டது எனக்கு. "அதானே!" என்றேன்.

தவ்கே கையெடுத்துக் கும்பிட்டார். "வாங்கினா மாத்தித் தர மாட்டேன்" என்றார். நாங்கள் ஜெயித்த மாதிரி வெளியே வந்தோம்.

பவானி உறையைப் பார்த்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது. "தாத்தா, இது தப்புக் கை. எல்லாப் பிள்ளைங்களும் இடது கையில மாட்டுவாங்க. டீச்சர் என்னைத் துரத்திருவாங்க."

தேர்வுக்கு இன்னும் ரெண்டே நாள். மூரா அண்ணன் உறையை வாங்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனார். வாசலில் நின்று கெஞ்சினார் என்று அப்புறம் தெரிந்தது. யாரிடமும் கெஞ்சாத மனிதர். தவ்கே மாற்றித் தரவில்லை.

திரும்பி வந்து, "வா, சுவருக்குப் போவோம்" என்றார். "அதான் தப்புக் கைன்னு சொல்றேனே!" என்று பவானி கத்தினாள். "தப்போ சரியோ, வா" என்று அவரும் கத்தினார். நானும் இறங்கிப் போனேன்.

பவானி வேண்டாவெறுப்பாக உறையை வலது கையில் மாட்டினாள். கோபத்தில் பந்தை இடது கையால் வீசினாள். இத்தனை நாளும் அவள் வலது கையால் எறிந்தால் பந்து பாதி வழியில் களைத்து விழும். அன்றைக்கு அது விர்ரென்று போய்ச் சுவரில் மோதி, அதே வேகத்தில் திரும்பி வந்து மூரா அண்ணன் மோட்டார் சைக்கிள் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போனது.

பவானி தன் இடது கையையே பார்த்தாள், ரொம்ப நாள் கழித்து ஊரிலிருந்து வந்த ஆளைப் பார்ப்பதுபோல.

"இன்னொண்ணு போடு" என்றார் மூரா அண்ணன், உடைந்த கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். இருட்டும்வரை போட்டாள். மறுநாளும் போட்டாள். வேலை முடிந்து வந்த சாந்தி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏய்! இடது கையா?" என்றாள். நான் சொன்னேன், "பந்துக்கு மட்டும்தான். சோறு வலது கையில்தான்."

சனிக்கிழமை திடலில் மூரா அண்ணன் வேலிக்கு வெளியே, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"பாக்கலையாண்ணே?"

"வாங்கிக் குடுக்கிறது என் வேலை. அது கடையோட முடிஞ்சுது" என்றார். குடையை மட்டும் விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார்.

டப்பென்று பந்து உறையில் விழுகிற சத்தம் கேட்டது. "நல்ல தோலு" என்று முணுமுணுத்தார். அப்புறம் டீச்சர் குரல். "இடது கைக்காரியா நீ? முதல் பேஸ் காவலுக்கு இடது கைதான் வசதி, இப்படி ஒரு ஆளைத்தானே தேடிக்கிட்டிருக்கேன்!"

அதைக் கேட்டதும் மூரா அண்ணன் குடையைப் போட்டுவிட்டு ஓடினார் பாருங்கள், ரதத்தின் பின்னால்கூட அப்படி ஓடவில்லை. பாதித் திடலில் அவர் சிலிப்பர் அறுந்து பறந்தது. நான்தான் எடுத்தேன். வாரில் கம்பி கட்டியிருந்தது. அடியில் ஓட்டை விழுந்து, உள்ளிருந்து அட்டை வைத்து அடைத்திருந்தது.

அன்று சாயந்திரம் தனியாகக் கடைக்குப் போய் அவருக்கு ஒரு ஜோடி சிலிப்பர் வாங்கினேன். கொண்டுபோய்க் கொடுத்ததும் வளைத்தார், தட்டினார், முகர்ந்தார்.

"எவ்வளவுக்கு முடிச்சே?"

"பாதி விலைக்கு."

"பரவால்ல, தேறிட்டே தங்கச்சி" என்று மாட்டிக்கொண்டு, நடைபாதையில் ரெண்டு நடை நடந்து பார்த்தார்.

முழு விலை கொடுத்துத்தான் வாங்கினேன். அந்த மனிதனுக்கு வாங்கும்போது பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.