இரவல் காற்று

“காத்து பிரிஞ்சுதா?”

டாக்டர் கோதண்டராமன் இந்தக் கேள்வியை மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்கமாட்டார். பன்னிரண்டு கட்டில் போட்ட ஆண்கள் வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. நேமிநாதன் மின்விசிறியைப் பார்த்தார்.

“இன்னும் இல்லீங்க.”

“நாலு நாள் ஆச்சு. பெருங்குடல்ல ஒரு ஜாண் வெட்டித் தச்சிருக்கோம். அந்த அதிர்ச்சியில குடல் தூங்குது. அது முழிச்சுக்கிட்டா காத்து பிரியும். காத்து பிரிஞ்சா கஞ்சி. கஞ்சி தங்கினா ரெண்டு நாள்ல வீடு. அதுவரைக்கும் வாயில ஒண்ணும் கிடையாது, டிரிப்ஸ்தான்.”

நேமிநாதனுக்குப் பசியே இல்லை. அவருடைய கவலையெல்லாம் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்த மருதேவியின் வயிற்றைப் பற்றியது. ஆபரேஷன் அன்று காலை அந்த அம்மாள் தீர்த்தங்கரர் படத்தின் முன் நின்று, கணவர் ஒரு வாய் சாப்பிடும்வரை தானும் சாப்பிடுவதில்லை என்று விரதம் ஏற்றிருந்தாள். பொழுது சாய்வதற்குள் இரண்டு டம்ளர் காய்ச்சிய தண்ணீர், அவ்வளவுதான். சமண வீட்டுப் பெண்ணுக்கு உபவாசம் புதிதல்ல. ஆனால் வயது ஐம்பத்தாறு. எழுந்தால் தலை சுற்றியது.

“போய் ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வா.”

“நீங்க சாப்பிடுங்க, நான் சாப்பிடறேன்.”

“எனக்குக் குடுக்கமாட்டேங்கறாங்களே.”

“அப்ப எனக்கும் வேணாம்.”

பக்கத்துக் கட்டில் சடையன் சிரித்தார். வண்டியோட்டி. நேமிநாதனுக்கு ஆபரேஷன் நடந்த அதே நாளில் அவருக்கும் நடந்தது. அவரும் தினமும் “இல்லீங்க” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பார்வையாளர் நேரத்தில் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

“கவலைப்படாதீங்க நயினாரே. நமக்குத் துணைக்கு நாமதான்” என்றார், சமணர்களைக் கூப்பிடும் ஊர் வழக்கப்படி.

நேமிநாதன் கீழ்பென்னாத்தூரில் முப்பது வருஷம் மல்லாட்டைக் கடலை வியாபாரம் செய்தவர். தராசில் ஒரு குந்துமணி எடைக்குக்கூடப் பொய் சொன்னதில்லை. அப்பேர்ப்பட்டவர் அன்று மத்தியானம் நர்ஸ் சரோஜாவைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “பிரிஞ்சுடுச்சும்மா.”

கஞ்சி வந்தது. அரை டம்ளர் உள்ளே போனதும் மருதேவி தன் தூக்கு டப்பாவைத் திறக்கப் போனாள். அதற்குள் போன கஞ்சி போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டது. வயிறு உப்பியது. மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். மருதேவி தூக்கு டப்பாவை மூடினாள்.

“என் விரதத்துலதான் ஏதோ குறை. தண்ணி குடிச்சது தப்பு. இனிமே அதுவும் வேணாம்” என்றாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நேமிநாதனுக்குக் கண் கலங்கியது. நாற்பது வருஷத்தில் அவளிடம் ஒரு வாதத்திலும் அவர் ஜெயித்ததில்லை, வாயில் பேசாமல் வயிற்றால் பேசுகிறவளிடம் எப்படி ஜெயிப்பது?

நடந்தால் குடல் முழிக்கும் என்று டாக்டர் சொன்னதால் மறுநாள் நேமிநாதன் வார்டுக்குள் நடந்தார். ஆயா பாஞ்சாலை பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். வார்டை எட்டுச் சுற்று சுற்றியபோது, “பெரியவரு இங்கயே கிரிவலத்தை முடிச்சுட்டாரு” என்று கடைசிக் கட்டில்காரர் சொன்னார். வார்டு சிரித்தது. ஒன்பதாவது சுற்றில் நேமிநாதனுக்குக் கால் தடுமாறியது. பிடிக்க ஓடிவந்த மருதேவி அவருக்கு முன்னால் கீழே விழுந்தாள்.

ஆறாம் நாள் காலையில் மூக்குக் குழாயை எடுத்தார்கள். வயிறு மட்டும் பேசவில்லை. மருதேவியின் உதடு வெடித்திருந்தது. சாயங்காலம் சடையன் தலையணையோடு நகர்ந்து வந்தார்.

“நயினாரே, அம்மா முகத்தைப் பார்க்க முடியலைங்க. நர்ஸம்மா வரும்போது நீங்க அசையாம படுத்துக்கங்க. மத்தது என் பொறுப்பு.”

“உங்களுக்கும்தான் வரலையே?”

“யாரு கண்டா? மனசு வெச்சா வரும்.”

சரோஜா ஊசியோடு இரண்டு கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றாள். பழைய கோணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் நீளமாகக் கேட்டது. நேமிநாதனே ஒரு கணம் தன்னுடையதோ என்று நம்பிவிட்டார்.

“யாரு?”

“நயினாருதாம்மா. பாவம், வெட்கப்படறாரு” என்றார் சடையன்.

இந்த முறை காதால் கேட்ட சாட்சி இருந்தது. கஞ்சி வந்தது. விரதம் பொய்யாகிவிடக் கூடாதே என்று நேமிநாதன் ஒரே ஒரு ஸ்பூன் மட்டும் விழுங்கினார். மீதியை மருதேவி திரும்பிய நேரம் பார்த்துக் கட்டிலடி பேசினில் ஊற்றினார். பொழுது சாய்ந்தால் சமணர்கள் சாப்பிடுவதில்லை, சாய இன்னும் கால் மணி இருந்தது. மருதேவி இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். ஓர் இட்லியைப் பிட்டுப் பிட்டு, மெதுவாகத் தின்றாள். நேமிநாதன் அழுதுவிட்டார். சடையன் அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பாமல், அந்த அம்மாள் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் காலையில் டாக்டர் நேமிநாதனின் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். நாலு இடத்தில் வைத்துப் பார்த்தார்.

“இங்க ஒரு சத்தமும் இல்லையே. மறுபடியும் பொய்யா?”

“நானே காதால கேட்டேன் சார்” என்றாள் சரோஜா.

நேமிநாதன் மருதேவியைப் பார்த்தார். பிறகு கையைக் கூப்பி, விரதத்திலிருந்து ஒரு ஸ்பூன் கஞ்சிவரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். டாக்டருக்குக் கோபம் பாதிதான் வந்தது.

“அவசரப்படுத்தினா குடல் கேக்காதுங்க. இன்னும் ரெண்டு நாள்ல தானா முழிச்சுக்கும். அம்மா, நீங்க இனிமே வேளாவேளைக்குச் சாப்பிடணும். இது என் உத்தரவு.” சொல்லிவிட்டு நின்றார். “சரி, அப்ப நேத்து வந்தது யாரோடது?”

சடையன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். டாக்டர் போர்வையை விலக்கி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். அவர் புருவம் உயர்ந்தது.

“இங்க மேளக்கச்சேரியே நடக்குது. இத்தனை நாளா இல்லை இல்லைன்னு ஏன்யா சொன்னே?”

சடையன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வாளியோடு நின்றிருந்த பாஞ்சாலைதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

“அவருக்கு மூணாம் நாளே காத்து பிரிஞ்சுடுச்சுங்க சார், நான்தான் ஒளிச்சு வெச்சுக் கஞ்சி குடுத்துக்கினு இருந்தேன், சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்களாம், அங்க அவருக்காகப் பட்டினி கிடக்கறதுக்கு ஒருத்தரும் இல்லையாம்.”