அத்தான் கடைகடையாய் அலைகிறார்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் இப்போது நான் ஒருத்திதான். உன் சுகம் தெரியத்தான் முக்கியமாய் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நான் படித்த லட்சணம் உனக்குத் தெரியும்.

விஷயம் என்னவென்றால், உங்க அத்தான் எழுந்து நடமாடுகிறாராம். சிரிக்காதே. அவருக்குக் கொடுத்ததில் மிச்சமிருந்த வலி மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து ஜன்னலில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள், என்னைப் பார்த்தாள், மறுபடி தட்டினாள். "உங்க வீட்டுக்காரர் போன வாரம்கூட மூணு கடையில இதே மாத்திரை வாங்கியிருக்காரேம்மா?" "அவர் போய்ச் சேர்ந்துட்டாரும்மா" என்றேன். "எங்க?" என்றாள். அது அபின் சேர்ந்த மாத்திரையாம், எந்தக் கடையில் வாங்கினாலும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் தெரிந்துவிடுமாம், பழகிப்போய் அதிலேயே விழுந்தவர்களைக் கண்டுபிடிக்க இந்த ஏற்பாடாம். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஒரு நிமிஷம் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கடைசியாய் எந்தத் தெருவில் பார்த்தீங்க என்று கேட்டேவிட்டேன். அப்புறம்தான் கோபம் வந்தது. இருந்தபோது ஒரு தீப்பெட்டி வாங்கி வரச் சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும் மனுஷன், செத்ததும் மூன்று கடை ஏறி இறங்குகிறாரே!

விடுவேனா, முதல் கடைக்கே போய்க் கேட்டேன். கடைக்காரர், "தங்கமான மனுஷராச்சே! இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே வருவார், வந்ததும் 'என்ன தலைவரே'ன்னு சிரிப்பார்" என்றார். கட்டின பெண்டாட்டியையே 'ஏய், இந்தா' என்று கூப்பிட்டவர் செத்தபிறகு மரியாதை கற்றுக்கொண்டிருக்கிறார், பார். அலமாரியில் இருந்த டாக்டர் சீட்டையும் அவரே வந்து எடுத்துப் போயிருப்பார் போல, காணவில்லை.

ஏணியிலிருந்து விழுந்த இடுப்பு உனக்கு எப்படி இருக்கிறது? அந்த மருந்துக் கடைத் தெருப் பக்கம் போனால், அத்தானைப் பார்த்தால், அந்த மாத்திரை போதும் என்று அக்கா சொன்னதாய்ச் சொல். நீ நூறு வயசு இருக்கணும். கடிதத்துக்காக எழுதுகிற வார்த்தை இல்லை இது.

உன் அக்கா.

பின்குறிப்பு: அத்தானைத் தேட வேண்டாம். அவர் வரமாட்டார், எனக்குத் தெரியும். கடைசியாய் அவரைச் சுடுகாட்டுக்கு ஏற்றிப் போன வண்டிக்காரரிடம்கூட "பார்த்து ஓட்டுங்க தலைவரே"ன்னு அழுதியேடா, அதை மறப்பேனா? ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். போலீசுக்குப் போவீங்களான்னு கேட்டேன். "பிடிச்சுக் கொடுக்க இல்லம்மா, பிழைக்க வைக்கத்தான். திடீர்னு நிறுத்தினாலும் ஆகாது, கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும், கூட்டிட்டு வாங்க" என்றார். இடுப்பு வலிக்கும் வேற வழி பார்ப்பாராம். கம்ப்யூட்டரில் அத்தான் பேரை எடுத்துட்டாங்க, அங்கேயும் இல்லாமப் போயிட்டார். நீயாவது உன் சொந்தப் பேர்ல வா. மருந்து ஜன்னல் பக்கத்து பெஞ்சில் உனக்கு இடம் போட்டு உட்கார்ந்திருக்கேன், தலைவரே.