குரலை விழுங்கிய டிவிடி பெட்டி

“தோப்பக் குடுத்தாத்தேன் ஒங்க அண்ணன் குரலு திரும்புமாம். குடுக்கத்தேன் போறேன்!”

“குடுத்துட்டு எதத் திங்கப் போறீக மதினி, குரலையா?”

“புருசனப் பறிகுடுத்தவளுக்குத்தாண்டி தெரியும் அந்த…”

“அண்ணனப் பறிகுடுத்தவளுக்குத் தெரியாதாக்கும்! அது திரும்பி வந்தா மொத வார்த்தையே, ‘எந்தக் களவாணிப்பயடா என் தோப்பக் கேட்டது’ன்னுதேன் இருக்கும்!”

நாத்தனார் மாரிச்செல்வி போட்ட சத்தம் சண்முகவள்ளியின் காதில் ஏறவில்லை. உச்சிப்புளிக்குக் கிழக்கே அவள் வீட்டு வாசலில் ஆட்டோ ஆட்டோவாகச் சனம் வந்து இறங்கியது. செத்தவர் பேசப் போகிறார் அல்லவா! உயிரோடு இருந்தபோது இருளாண்டி வாயைத் திறந்தாலே, ‘வேலை கெடக்கு’ என்று நழுவியவர்கள்கூட இன்று முன்வரிசை பிடித்திருந்தார்கள்.

இருளாண்டியின் குரல், மகள் ஜெயப்பிரியாவின் கல்யாண டிஸ்க்கில் மட்டும்தான் மிச்சம். சண்முகவள்ளி அதைத் தினமும் போட்டுக் கேட்பாள். ஆயுத பூசையன்று டிவிடி பெட்டியையும் ரிமோட்டையும் அழுத்தித் துடைத்து, பொத்தானுக்குப் பொத்தான் சந்தனம் வைத்தாள். மறுநாள் போட்டால் சினிமாப் பாட்டு கேட்டது, பேச்சைக் காணோம். புருசன் வாய் அசைந்தது, குரல் இல்லை.

பெட்டிக்கு என்ன கோளாறு என்று யாராவது கேட்டார்களா? நேரே கோடாங்கி காளீஸ்வரனிடம் ஓடினார்கள். அவர் உடுக்கை அடித்துக் குறி சொன்னார்: “குரல முனி பிடிச்சு வச்சிருக்கு தாயி. தோப்புல பீடம் கேக்குது. தோப்பு எம் பேருல இருந்தா மத்தத நா பாத்துக்கிருவேன்.”

முனிக்குப் பத்திர ஆபீசுக்கு வழி தெரியாதாம், பாவம்.

சும்மா சொல்லவில்லை, செய்தும் காட்டினார். போன வெள்ளிக்கிழமை, ஆவியின் முகத்தைப் பார்த்தால் கண் அவிந்துபோகும் என்று டிவியைச் சேலையால் மூடச் சொன்னார். ரிமோட்டை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். உடுக்கை அதிர்ந்து ஓய்ந்தது. கை துணிக்குள் போனது. பாட்டு நின்று இருளாண்டி பேசினார்! இரண்டே வார்த்தை. மறுபடி பாட்டு. ஊரே கோடாங்கி காலில் விழுந்தது. மாரிச்செல்வி மட்டும் விழாமல் நின்றாள். நின்றதால்தான், துணிக்குள் கட்டைவிரல் அமுங்கியது அவள் கண்ணில் பட்டது.

இன்று தோப்புக்கு வாக்குக் கொடுக்கும் நாள். தோப்பு மண்ணை ஒரு பிடி எடுத்து ஊர் பார்க்கக் கோடாங்கி கையில் வைத்தால் போதும். அந்தப் பக்கத்தில் மண்ணைக் கொடுத்தவர் சொல்லைத் திரும்ப வாங்குவதில்லை. மண் சண்முகவள்ளியின் கையில் தயாராக இருந்தது.

“மொதல்ல குரலு. அப்பறம் மண்ணு,” என்றாள் மாரிச்செல்வி.

“அதுக்கென்ன தாயி! அத இங்கன கொண்டா.”

அவளே ரிமோட்டை மஞ்சள் துணியில் சுற்றி, பயபக்தியோடு கோடாங்கியின் மடியில் வைத்தாள்.

உடுக்கை அதிர்ந்தது. கை உள்ளே போனது. பாட்டு ஓடியது. மறுபடி அமுக்கினார். பாட்டு ஓடியது. கோடாங்கிக்கு வேர்த்தது.

“தீட்டு! யாரோ மீன் தின்னுட்டு வந்திருக்கீக!”

கடற்கரையில் மீன் தின்னாதவனுக்கு எங்கே போவது?

“மீனு இல்ல கோடாங்கியாரே, இது!” மாரிச்செல்வி உள்ளங்கையை விரித்தாள். இரண்டு பேட்டரி. “ஏன், முனிக்கு இது இல்லாம ஓடாதா?”

ரிமோட்டைப் பிடுங்கிப் பேட்டரியைப் போட்டாள். டிவி மேல் கிடந்த சேலையை உருவினாள். எல்லாப் பொத்தானிலும் சந்தனம் காய்ந்து கிடக்க, ஒன்றில் மட்டும் தேய்ந்து போயிருந்தது. அதை அமுக்கினாள். திரை மூலையில் ‘லெஃப்ட்’ போய் ‘ரைட்’ வந்தது. வீடியோக்காரர் ஒரு பக்கம் பாட்டையும் மறுபக்கம் பேச்சையும் பதிந்திருக்கிறார். துடைத்த துடைப்பில் பொத்தான் அமுங்கி, பேச்சுப் பக்கம் அடைத்துக்கொண்டது. முனியின் வேலை அவ்வளவுதான்.

“எல்லாரும் இருந்து சாப்புட்டுத்தேன் போகணும், ஆமா…” மைக்கைப் பிடித்தபடி இருளாண்டி அழைத்தார். முகத்தோடுதான். யார் கண்ணும் அவியவில்லை.

சண்முகவள்ளி பிடியை விட்டாள். மண் தரையில் உதிர்ந்தது. காளீஸ்வரன் உடுக்கையை விட்டுவிட்டு அடுப்படி வழியாக நழுவினான்.

சனம் மாரிச்செல்வியைச் சூழ்ந்துகொண்டது. பிறகு பக்கத்து வீட்டு உலகம்மாள் கையெடுத்துக் கும்பிட்டபடி முன்னால் வந்தாள்.

“மாரி, ஒம் மேலதேன் ஆத்தா எறங்கியிருக்கா! எம் மருமகளுக்கு ஒரு குறி சொல்லுத்தா.”

மாரிச்செல்வி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“ரிமோட்டுக்குப் பேட்டரி போட்டாச்சு. ஒங்க மண்டைக்கு எப்பத்தேன் போடப் போறீக?”